வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயம்: இரும்பும் கொழுப்பும் சேர்ந்து செல்லைக் கொல்வது எப்படி?

காய்ச்சல், உடம்புவலி, தொண்டைக் கரகரப்பு எல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும். பெரும்பாலானவர்களுக்குக் கதை அத்தோடு முடிந்தது. ஒரு சிலருக்கு மட்டும் அதற்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, நாலு படி ஏறினாலே மூச்சிரைப்பு என்று தொடங்கும். ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் ஏறியிருக்கும். ஈசிஜியில் மாற்றம் தெரியும். மாரடைப்போ என்று பயந்து இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தால் அடைப்பு ஒன்றும் இருக்காது. மயோகார்டிடிஸ், அதாவது இதயத்தசை அழற்சி, பல நேரம் இப்படித்தான் தலைகாட்டுகிறது.

ட்ரோபோனின் என்பது இதயத்தசைச் செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய புரதம். அது ரத்தத்தில் மிதக்கிறது என்றால் எங்கோ செல்களின் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். கிழித்தது யார்? இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, வைரஸே கிழித்தது. மற்றொன்று, வைரஸை விரட்ட வந்த நோய் எதிர்ப்பு செல்கள் கிழித்தன. இரண்டுமே உண்மைதான். கடந்த சில ஆண்டுகளில் மூன்றாவது பதில் ஒன்று வலுப்பெற்று வருகிறது. செல் தன்னிடமே இருக்கும் இரும்பாலும் தன் சவ்வில் இருக்கும் கொழுப்பாலும் சாகிறது. வைரஸ் அதற்கு வழி மட்டும் திறந்துவிடுகிறது. இந்தச் சாவுக்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர்.

‘இரும்பு கொல்கிறது’ என்று சுருக்கமாகச் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. ஏன் கூடாது என்பது கட்டுரை போகப்போகப் புரியும்.

செல் சாவதில் வகைகள்

நம் உடம்பில் செல்கள் சாவது அன்றாட நிகழ்வு. அதில் ஒழுங்கான சாவு ஒன்று உண்டு. செல் தானே சுருங்கி, டிஎன்ஏவை நறுக்கி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துவிடும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். சத்தம் இல்லை, வீக்கம் இல்லை. இதற்கு 1972-ல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் அபோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இதை நடத்திவைப்பவை காஸ்பேஸ் என்ற நொதிகள்.

புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் மருந்து தேடியவர்கள் 2000-களின் தொடக்கத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். எராஸ்டின் என்ற வேதிப்பொருள் செல்லைக் கொன்றது. ஆனால் காஸ்பேஸைத் தடுத்தாலும் செல் பிழைக்கவில்லை. டிஎன்ஏ நறுக்கப்படவில்லை, செல்லின் உட்கரு அப்படியே இருந்தது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் சுருங்கி அடர்ந்து போயிருந்தது. பிறகு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். செல் பிழைத்துக்கொண்டது! 2012-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் இதைத் தனிவகைச் சாவாக அறிவித்து, ஃபெரோப்டோசிஸ் என்ற பெயரையும் வைத்தார்கள்.

இரும்பு எங்கே இருக்கிறது, எப்போது ஆபத்து?

வளர்ந்த மனிதரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மிச்சம் ஈரலில், தசைகளில், மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளில் எனப் பரவிக் கிடக்கிறது. இரும்பு இல்லாமல் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, ஆற்றல் தயாரிக்க முடியாது. அதனால் உடம்பு இரும்பைப் பொன்போலக் காக்கிறது. கூடவே, அதைக் கண்டு அஞ்சவும் செய்கிறது. ரத்தத்தில் இரும்பு தனியாகச் சுற்றுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கைப்பிடியாக அழைத்துச் செல்கிறது. செல்லின் மேற்பரப்பில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. அது இந்தச் சுமையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே வந்த இரும்பில் உடனடி வேலைக்குத் தேவைப்படாதது ஃபெரிட்டினுக்குள் போகிறது. 24 புரதத் துண்டுகள் சேர்ந்து அமைந்த உள்ளீடற்ற கோளம் அது. ஒன்றுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

இவ்வளவு கட்டுக்காவலையும் தாண்டி ஒரு சிறு பங்கு இரும்பு எதனோடும் இறுகப் பிணையாமல் செல்லுக்குள் இருக்கத்தான் செய்யும். புது நொதிகளைக் கட்ட அது வேண்டும். தொல்லை கொடுப்பது இந்தச் சிறு பங்குதான். செல்லின் சுவாசத்தில் எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஃபெரஸ் நிலையில் (இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலை) உள்ள இரும்பு அதைத் தொட்டால், ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உடைத்துவிடும். விளைவு, ஹைட்ராக்சில் ஃப்ரீ ரேடிக்கல், அதாவது ஜோடியில்லா எலக்ட்ரான் கொண்ட துணுக்கு. உயிரியலில் இதைவிட வெறிகொண்ட துணுக்கைக் காண்பது அரிது. கண்ணில் பட்ட எந்த மூலக்கூறிலிருந்தும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலர் 1894-லேயே இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் நடக்கும் ஆக்சிஜனேற்றத்தைப் பதிவுசெய்திருக்கிறார். அவர் ஆராய்ந்தது டார்டாரிக் அமிலத்தை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தன் பெயர் இதய நோய்க் கட்டுரைகளில் அடிபடும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சவ்வு சிக்குப் பிடிக்கிறது

பழைய எண்ணெயில் ஒரு சிக்கு வாடை வரும். எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பை ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதால் வரும் வாடை அது. ஃபெரோப்டோசிஸில் செல்லின் சவ்வுக்கு நேர்வதும் அடிப்படையில் இதே வேதிவினைதான். ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, வினையே ஒன்றுதான். எண்ணெய்க்கு மாதக்கணக்கில் ஆவது செல்லில் மணிக்கணக்கில் முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு பார்ப்போம். செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. 20 கார்பன் கொண்ட நீளச் சங்கிலி. அதில் 4 இடத்தில் இரட்டைப் பிணைப்பு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பன்கள் 3 இருக்கின்றன. அவற்றின் மேலுள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாக ஒட்டியிருக்கும். ஃப்ரீ ரேடிக்கல் ஒன்று வந்து அந்த ஹைட்ரஜனைப் பறிக்கிறது. இப்போது கொழுப்பே ஃப்ரீ ரேடிக்கலாகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் அந்தக் காலி இடத்தில் வந்து ஒட்டுகிறது. ஆக்சிஜன் ஒட்டிய கொழுப்பு தன் பங்குக்குப் பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறித்தது அடங்கிவிடும், பறிகொடுத்தது அடுத்ததைத் தேடும். வினை இப்படியே சவ்வு நெடுகப் பரவும்.

ஹைட்ரஜனைப் பறித்து அடங்கிய கொழுப்பு இருக்கிறதே, அதற்குக் கொழுப்புப் பெராக்சைடு என்று பெயர். அடங்கிவிட்டது என்று அதை நம்பிவிட முடியாது. ஃபெரஸ் இரும்பு வந்து தொட்டால் அது மறுபடி உடைந்து இன்னொரு ஃப்ரீ ரேடிக்கலை உண்டாக்கும். இரும்பின் பெரிய பங்கே இங்குதான் இருக்கிறது. அடங்கவிருந்த வினையை அது திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுகிறது. போகப்போகச் சவ்வின் ஒழுங்கு குலைகிறது, ஓட்டை விழுகிறது, நீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கி வெடிக்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. நம் நோயாளியின் ட்ரோபோனினும் அதில் அடக்கம்.

எல்லாக் கொழுப்புக்கும் இந்த ஆபத்து இல்லை. ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக உள்ள ஓலியிக் அமிலத்துக்கு ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அதன் ஹைட்ரஜனை அவ்வளவு எளிதாகப் பறிக்க முடியாது. ஆகவே செல் சாவதும் பிழைப்பதும் சவ்வில் எந்தக் கொழுப்பு ஏறியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. அராக்கிடோனிக் அமிலத்தைச் சவ்வில் ஏற்றும் வேலையில் ஏசிஎஸ்எல்4 என்ற நொதிக்கு முக்கியப் பங்கு உண்டு என்று 2017-ல் காட்டினார்கள். இந்த நொதியை நீக்கிய செல்கள் ஃபெரோப்டோசிஸுக்குச் சுலபத்தில் மசிவதில்லை.

அப்படியானால் நாம் எல்லோரும் ஏன் இன்னும் சாகவில்லை?

நியாயமான கேள்வி. இரும்பும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது. வினை தொடங்காமலா இருக்கும்? தொடங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை அணைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

அணைப்பதில் முதலிடம் ஜிபிஎக்ஸ்4 என்ற நொதிக்கு. இத்தாலியின் ஃபுல்வியோ உர்சினி 1982-ல் இதைக் கண்டறிந்தார். சவ்வில் உட்கார்ந்திருக்கும் கொழுப்புப் பெராக்சைடைத் தேடிப் பிடித்து, தீங்கில்லாத ஆல்கஹாலாக மாற்றுவது இதன் வேலை. இந்த வேலையைச் சவ்வுக்குள்ளேயே திறம்படச் செய்வது அதன் சிறப்பு. இந்த நொதி இல்லாத எலிக் கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது. ஒவ்வொரு பெராக்சைடை அடக்கும்போதும் குளுட்டாதயோன் என்ற காப்பு மூலக்கூறுகள் இரண்டு செலவாகும். குளுட்டாதயோனைக் கட்ட சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதைப் பெறுவதற்குச் செல் வெளியிலிருந்து சிஸ்டினை (இரண்டு சிஸ்டைன் இணைந்தது) இழுத்து, பதிலுக்கு குளுட்டமேட்டை வெளியேற்றுகிறது. எராஸ்டின் அடைத்தது இந்த வழியைத்தான். வழி அடைபட்டதும் குளுட்டாதயோன் தீர்ந்தது, ஜிபிஎக்ஸ்4 வேலையின்றி நின்றது, சவ்வு எரிந்தது.

ஜிபிஎக்ஸ்4 வேலை செய்யும் நுனியில் ஒரே ஒரு செலினியம் அணு உட்கார்ந்திருக்கிறது. மனித உடம்பில் செலினியம் தாங்கிய புரதங்களுக்கான மரபணுக்கள் மொத்தமே 25-தான். அவற்றில் இதுவும் ஒன்று. அந்த ஒற்றை அணுவைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

முதல் அரணுக்குப் பின்னால் வேறு அரண்களும் உண்டு. எஃப்எஸ்பி1 என்ற புரதம் கோஎன்சைம் க்யூ10-ஐக் கொண்டு சவ்வுக்குள்ளேயே ஃப்ரீ ரேடிக்கலை அடக்குகிறது. இது 2019-ல்தான் தெரிய வந்தது. வைட்டமின் ஈ-யும் தன் பங்குக்கு ஒரு ஹைட்ரஜனைத் தானம் செய்து வினையை நிறுத்தும்.

ஆக, கணக்கு இரண்டு பக்கம் கொண்டது. ஒரு பக்கம் கட்டற்ற இரும்பும் எளிதில் எரியும் கொழுப்பும். மறுபக்கம் பழுதுபார்க்கும் நொதிகள். இரும்பு கூடினாலும் செல் சாகலாம். இரும்பு துளியும் கூடாமல் மறுபக்கம் இளைத்தாலும் சாகலாம். இந்தத் துறையைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டாவதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வைரஸ் தாக்கிய இதயத்தில் அதுதான் பெரிய சங்கதி. இதற்கான தடயம் ஃபெரோப்டோசிஸ் என்ற பெயர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது.

கேஷான் சொன்ன சேதி

சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் என்றொரு பகுதி. 1935-ல் அங்கே ஒரு கொடிய இதய நோய் கொத்துக்கொத்தாக மக்களைத் தாக்கியது. பின்னாளில் சீனாவின் வடகிழக்கிலிருந்து தென்மேற்குவரை ஒரு பட்டைபோல நீளும் பகுதிகளில் இதே நோய் இருப்பது தெரிந்தது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இதயத்தசையில் ஆங்காங்கே செல்கள் மடிந்து தழும்பாகியிருந்தன. அந்தப் பட்டை முழுவதும் ஒரு பொதுத்தன்மை இருந்தது. மண்ணில் செலினியம் மிகக் குறைவு. ஆகவே அங்கு விளைந்ததைத் தின்றவர்கள் உடம்பிலும் குறைவு. 1970-களில் சிச்சுவான் மாகாணத்தில் குழந்தைகளுக்கு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது.

விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. நோய் பருவத்துக்குப் பருவம், ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கியது. மண்ணில் செலினியம் அப்படி மாறாதே! எனவே தொற்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள். நோயாளிகளிடம் தேடியபோது காக்ஸாக்கி வைரஸ் சிக்கியது. இதயத்தசை அழற்சி ஆய்வில் மிக அதிகம் பயன்படும் வைரஸ் இதன் பி3 வகை. நியூயார்க் மாநிலத்தின் காக்ஸாக்கி என்ற ஊர்ப் பெயரே இதற்கு வந்தது.

1990-களில் அமெரிக்காவின் மெலிண்டா பெக் குழு இதை எலிகளில் சோதித்தது. இதயத்துக்குத் தீங்கு செய்யாத ஒரு பி3 வைரஸை எடுத்தார்கள். நன்றாகச் சாப்பிட்ட எலிக்கு அதைக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. செலினியம் இல்லாத உணவு தின்ற எலிக்கு அதே வைரஸ் இதயத்தைச் சிதைத்தது. அதைவிட அதிர்ச்சி அடுத்து வந்தது. சிதைந்த இதயத்திலிருந்து வைரஸை எடுத்து நல்ல எலிக்குக் கொடுத்தால், அதன் இதயமும் சிதைந்தது. செலினியம் குறைந்த உடம்பில் பெருகியபோது வைரஸின் மரபணுத் தொகுதியில் 6 இடங்களில் மாற்றம் வந்திருந்தது. சாது வைரஸ் கொடியதாகிவிட்டது. வைட்டமின் ஈ குறைந்த எலிகளிலும் இதே போக்கைக் கண்டார்கள்.

செலினியம், வைட்டமின் ஈ இரண்டுமே கொழுப்பு எரிவதைத் தடுக்கும் அணியைச் சேர்ந்தவை. ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஷான் நோயை அப்படியே ஃபெரோப்டோசிஸ் கணக்கில் எழுதிவிட முடியாது. ஜிபிஎக்ஸ்1 என்ற உறவுக்கார நொதி இல்லாத எலிகளிலும் அந்தச் சாது வைரஸ் இதயத்தைத் தாக்கியது. ஆக அதற்கும் பங்கு இருக்கிறது. ஆனாலும், பழுதுபார்க்கும் பக்கம் இளைத்த இதயத்தை ஒரு சாதாரண வைரஸ்கூடச் சாய்த்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

வைரஸ் என்னென்ன செய்கிறது?

காக்ஸாக்கி பி3 வைரஸ் தொற்றிய செல்களில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி அதிகமாவதை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்பி கூடினால் உள்ளே வரும் இரும்பும் கூடும். கொழுப்புப் பெராக்சைடு ஏறியது, குளுட்டாதயோன் இறங்கியது. ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 என்ற வேதிப்பொருளைக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது.

கொழுப்புப் பக்கமும் வைரஸ் கைவைக்கிறது. காக்ஸாக்கி போன்ற வைரஸ்கள் தங்களைப் பிரதியெடுக்கச் செல்லின் உட்சவ்வுகளைக் கலைத்துப் புதிதாகச் சிறு அறைகளைக் கட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு, முன்பு பார்த்த ஏசிஎஸ்எல்4 நொதி உதவுகிறது என்று தெரிய வந்திருக்கிறது. தன் தொழிலுக்கு வைரஸ் பயன்படுத்திக்கொள்ளும் நொதியே செல்லின் சவ்வில் எளிதில் எரியும் கொழுப்பையும் ஏற்றுகிறது.

பழுதுபார்க்கும் பக்கம்? கோவிட் வைரஸ் தொற்றிய குரங்குச் செல்களில் ஜிபிஎக்ஸ்4 உட்படச் சில செலினியப் புரதங்களுக்கான செய்தி ஆர்என்ஏ குறைந்ததை 2021-ல் பதிவுசெய்தார்கள். நோய் எதிர்ப்பு செல்களும் இதில் சும்மா இருப்பதில்லை. அவற்றில் ஒரு வகையான டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம், புற்றுநோய்ச் செல்களில் சிஸ்டின் நுழையும் வழியைக் குறுக்கிவிடுவது 2019-ல் தெரிந்தது. தொற்று தொடங்கிச் சில நாள்களில் இதயத்தில் டி செல்கள் வந்து குவிகின்றன. அங்கும் அவை இதையே செய்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இதற்கிடையே உடம்பு தானே ஒரு வேலை செய்கிறது. தொற்று வந்தவுடன் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக்கூடாது என்பதற்காக, செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வழியான ஃபெரோபோர்ட்டினை அது மூடிவிடும். ரத்தத்தில் இரும்பு குறையும், செல்லுக்குள் தங்கும். ரத்தத்தில் இரும்பு தேடும் பாக்டீரியாவுக்கு எதிராக இது பழங்காலத் தற்காப்பு. செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் வைரஸிடம் அதே உத்தி எடுபடுமா என்பது வேறு கேள்வி.

இதயம் மட்டும் ஏன் இவ்வளவு நொந்துபோகிறது?

ஈரலில் கொஞ்சம் செல்கள் செத்தால் பெரிய கவலையில்லை, வளர்ந்துவிடும். இதயம் அப்படி இல்லை. வளர்ந்தவரின் இதயத்தில் சுமார் 200 முதல் 300 கோடித் தசைச் செல்கள் உள்ளன. அவற்றில் 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதமே புதிதாகின்றன. 75 வயதில் அது அரை சதவீதத்துக்கும் கீழே. இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை உயர்த்திவிட்டன. ஒரு செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால், அந்தச் செல் எந்தக் காலத்தில் பிறந்தது என்று கணிக்கலாம். 2009-ல் ஸ்வீடனில் யோனாஸ் ஃபிரிசென் குழு இப்படித்தான் இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்டது. செத்த செல்லின் இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு சுருங்கி விரியாது; மின்துடிப்பையும் சரியாகக் கடத்தாது.

இதயத்தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிப்பதென்றால் சும்மாவா? மைட்டோகாண்ட்ரியா நிறைய இருந்தால் இரும்பும் நிறைய வேண்டும், பெராக்சைடும் நிறைய உண்டாகும். போதாக்குறைக்கு, ஃபெரோப்டோசிஸ் ஒரு செல்லோடு நிற்பதில்லை. சிறுநீரகக் குழல்களில் அது வரிசையாக ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அலைபோலப் பரவுவதை 2014-ல் கண்டார்கள். எலிகளுக்கு இதயம் மாற்றிவைத்த சோதனையில், ஃபெரோப்டோசிஸால் செத்த செல்கள் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களை இழுத்து வருவதும் தெரிந்தது. வெடித்த செல்லிலிருந்து கொட்டியவை அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி மேலும் செல்களை வாட்டுகிறது. வைரஸ் பெரும்பாலும் ஒழிந்த பிறகும் சேதம் தொடர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மனித இதயத்தில் இது நடக்கிறதா?

அபோப்டோசிஸுக்குக் காஸ்பேஸ் இருப்பதுபோல, பார்த்ததும் ‘இதுதான்’ என்று சொல்ல ஃபெரோப்டோசிஸுக்கு ஒற்றை அடையாளம் இல்லை. ஆய்வகத்தில் கழித்துக் கழித்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். காஸ்பேஸ் தடுப்பான் காப்பாற்றவில்லை, இரும்பைப் பிடிக்கும் மருந்து காப்பாற்றியது, ஃபெரோஸ்டாட்டின் காப்பாற்றியது என்றால் அது ஃபெரோப்டோசிஸ். உயிரோடு இருப்பவரின் இதயத்தில் இப்படிச் சோதிக்க முடியாது.

ஆனாலும் தடயங்கள் இருக்கின்றன. கோவிட் தொற்றில் இதயத்தசை அழற்சியோடு இறந்த ஒருவரின் இதயத்தில், ஆக்சிஜனேறிய சவ்வுக் கொழுப்பின் சாயம் அழுத்தமாகப் பிடித்ததை 2020-ல் பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் எழுதினார்கள். 2022-ல் மனித ஸ்டெம் செல்லிலிருந்து இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முனைச் செல்களை வளர்த்து, அவற்றில் கோவிட் வைரஸைத் தொற்றவைத்தார்கள். அவை ஃபெரோப்டோசிஸ் வழியில் செத்தன. மருந்துகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது உதவியவற்றில் ஒன்று டெஃபெராக்சமைன், அதாவது இரும்பைப் பிடித்து வெளியேற்றும் பழைய மருந்து. தொற்றுக்குப் பின் சிலருக்குத் துடிப்பு தாறுமாறாவதற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது.

மற்ற சாவுகளும் கூடவே நடக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அபோப்டோசிஸ் உண்டு, செல் வீங்கி வெடிக்கும் நெக்ரோப்டோசிஸ் என்ற இன்னொரு வகையும் உண்டு. காக்ஸாக்கி வைரஸின் 2ஏ நொதி டிஸ்ட்ரோஃபின் என்ற தாங்குபுரதத்தை நேரடியாகவே வெட்டிவிடும். ஃபெரோப்டோசிஸ் இதில் ஒரு பங்காளி.

ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும்

கோவிட் காலத்தில் ‘ஃபெரிட்டின் ஏறிவிட்டது’ என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதை வைத்து இதயத்தில் இரும்பு செல்களைக் கொல்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. எந்த அழற்சியிலும் ரத்த ஃபெரிட்டின் ஏறும். ட்ரோபோனினும் அப்படியே, செல் உடைந்ததைச் சொல்லும், எந்த வழியில் உடைந்தது என்று சொல்லாது. இதய எம்ஆர்ஐ வீக்கத்தையும் தழும்பையும் காட்டும். அதற்கு மேல் அதாலும் முடியாது.

மருந்து? ஃபெரோஸ்டாட்டின்-1 உடம்பில் நிலைத்து நிற்பதில்லை. அது ஆய்வகக் கருவி. டெஃபெராக்சமைன் 1960-களிலிருந்து, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள் போன்றவர்களுக்கு, தேங்கிய இரும்பை வெளியேற்றத் தரப்படுகிறது. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைக் கெடுப்பதில் ஃபெரோப்டோசிஸுக்குப் பங்கு உண்டு என்று 2019-ல் எலிகளில் காட்டினார்கள். அந்த மருந்து பெறுபவர்களின் இதயத்தைக் காக்க டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற இரும்பு பிடிப்பான் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. வைரஸ் தாக்கிய இதயத்துக்கு இவற்றில் எதுவும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நோயாளி மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் செல்கள் பல ஏற்கெனவே வெடித்திருக்கும். அதனால் எப்போது கொடுப்பது என்பதே பெரிய சிக்கல்.

இனி, தொடக்கத்தில் விட்டுவைத்த இரும்பு மாத்திரைக்கு வருவோம். ஃபெரோப்டோசிஸில் தீங்கு செய்வது செல்லுக்குள் கட்டவிழ்ந்து கிடக்கும் சிறு இரும்பு. உடம்பின் மொத்த இரும்புக்கும் அதற்கும் நேரடிக் கணக்கு கிடையாது. ரத்தசோகை உள்ளவர் இரும்பைக் குறைத்தால் இதயம் இன்னும் திணறும். சொல்லப்போனால், இதயச் செயலிழப்போடு இரும்புக் குறைபாடும் உள்ளவர்களுக்கு ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றுவதைச் சிகிச்சை வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. செலினியம் நல்லதென்று அள்ளி விழுங்குவதும் ஆபத்து. வளர்ந்தவருக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும். 400-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரையறை. தாண்டிக்கொண்டே போனால் முடி கொட்டும், நகம் உதிரும். வைட்டமின் ஈ-யின் கதை இன்னும் மோசம். இதய நோய் அபாயம் உள்ளவர்களுக்கு நாளுக்கு 400 யூனிட் வீதம் பல ஆண்டுகள் கொடுத்த பெரிய ஆய்வின் தொடர்ச்சி 2005-ல் வெளிவந்தது. பலன் இல்லை, இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்தது.

காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, மயக்கம், காரணமில்லாத மூச்சிரைப்பு, தாறுமாறான துடிப்பு என்று எது வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதயத்தசை அழற்சி உறுதியானவர்களுக்கு 3 முதல் 6 மாதம் வரை கடும் உடற்பயிற்சியும் போட்டி விளையாட்டும் வேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை. உடம்பு தேறிவிட்டதுபோலத் தோன்றினாலும், எக்கோவும் துடிப்புப் பதிவும் சரியாக இருக்கின்றன என்று பார்த்த பிறகே மைதானத்துக்குத் திரும்ப அனுமதிப்பார்கள்.